பதினோரு அடி வெள்ளை

அத்தியாயம் 14

"தாத்தா, உன் கையில ரெண்டு விரலு எங்க போச்சு?"

கௌதம் இதைக் கேட்டபோது அவனுக்கு மூன்று வயது. ரத்தினவேல் அவனுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தார். வலது கையில் மிச்சமிருந்த மூன்று விரல்களால் ஒரு துண்டைப் பிட்டு, சர்க்கரையில் தொட்டு, பேரன் வாயருகே நீட்டியபடியே சொன்னார்:

"வேலைக்குப் போச்சுப்பா. இன்னும் வரல."

குழந்தைக்கு அது போதுமான பதில். அவனுடைய அப்பா அசோக்குமார் தினமும் விடியற்காலையில் பெங்களூருக்கு ரயிலேறுகிறவன். வேலைக்குப் போனவர்கள் நேரம் கழித்து வருவது அந்த வீட்டில் புதிதல்லவே.

அடுக்களையில் நின்று கேட்ட ஸ்வாதிக்குத்தான் போதவில்லை. மாமனார் சொன்ன அந்தப் பதில் இரண்டு வருஷமாக மருமகளின் மனதில் கிடந்தது. கிடந்து, போன வாரம் ஒரு போஸ்டராக வெளியே வந்துவிட்டது. வீட்டின் அமைதி கெட்டது அதனால்தான்.

ஓசூர் சிப்காட்டில் ரத்தினவேல் வேலை செய்யும் ஜப்பான் கூட்டுக் கம்பெனிக்கு ஒரு ஆலோசகர் வந்திருந்தார். ஒகாவா என்று பெயர். சுவர் முழுக்க ஏழு வண்ணத்தில் எழுதியிருந்த எச்சரிக்கைப் பலகைகளைப் பார்த்தவர், "இவ்வளவையும் யார் நின்று படிப்பார்கள்?" என்று கேட்டாராம். அவர் ஊரில் ஹைக்கூ என்று மூன்றே வரிக் கவிதை உண்டு. ஒரு காட்சி, ஒரு கணம், அதற்கு மேல் ஒன்றும் இருக்காது. அந்த மாதிரி பன்னிரண்டு போஸ்டர் வேண்டும், மாதத்துக்கு ஒன்று என்றார். கம்பெனி, பாகலூர் ரோட்டில் முனிராஜின் பிளெக்ஸ் கடைக்கு ஆர்டர் கொடுத்தது. அங்கே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து டிசைன் செய்கிறவள் ஸ்வாதி. கல்லூரி நாளில் நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று மூன்று வரியாக எழுதிப் பார்த்தவள். இது நமக்கென்றே வந்த வேலை என்று நினைத்தாள்.

முதல் போஸ்டரில் ஒரு ஆணி, அதில் ஒரு தலைக்கவசம், கீழே மூன்று வரி:

ஆணியில் தொங்கும் தலைக்கவசம்.
உள்ளே ஒரு சிலந்தி
குடிவந்துவிட்டது.

இன்னொன்றில் ஒரே ஒரு கறுப்புப் பொட்டு:

தரையில் ஒரு சொட்டு எண்ணெய்.
அதற்குள் விளக்கு மின்னுகிறது.
யாரோ அவசரமாக வருகிறார்கள்.

ரத்தினவேல் அவற்றைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். சிலந்தியை அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஏழாவதைக் காட்டியபோதுதான் சிரிப்பு நின்றது. அதில் வலது கீழ் மூலையில் ஒரு சட்டைப் பொத்தான். நூல் கொஞ்சம் தொங்கியது.

பத்துப் பேர் வேலைக்குப் போனார்கள்.
எட்டுப் பேர் திரும்பினார்கள்.
காத்திருக்கிறது சட்டைப் பொத்தான்.

பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டார். ஆறு நாளாக அதைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. திங்கட்கிழமை கம்பெனியில் பாதுகாப்பு வாரம் தொடங்குகிறது. இன்று வெள்ளி.

*

ஜெயமணி தலைக்குக் குளித்து, முருகன் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு, கணவரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். ஷிப்ட் மதியம்தான். வெள்ளிக்கிழமை காலையில் மலைக்கோயிலுக்குப் போய் வருவது ரத்தினவேலின் பழக்கம்.

"ஆடாம நில்லுங்க. பச்சப்பிள்ளை கூட இப்படி ஆடாது."

"நான் எங்க ஆடுறேன்? உன் கண்ணாடிதான் ஆடுது."

மற்ற வேலையெல்லாம் அவரே செய்துகொள்வார். கைப் பொத்தான் மட்டும் அவளுடையது. அதைப் போடும்போது ஜெயமணி ஒரு வசவும் வைத்திருந்தாள். பதினோரு வருஷமாக, முருகனைக் கும்பிட்ட அதே வாயால், நாள் தவறாமல்.

"அந்தப் பாரூர்க்காரன் நல்லா இருப்பானா? மிசினுல குச்சியைச் சொருகி வச்சுட்டு மறந்துட்டேன்னானே. மறந்தவனுக்கு விரலு இருக்கு. என் புருஷனுக்கு இல்ல."

"விடு ஜெயா. காலங்காத்தால."

"நீங்க விட்டீங்க. நான் விட மாட்டேன்."

ஸ்வாதி கைப்பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்ப வந்தாள். அப்போது வாசலில் ஆள் நிழல் விழுந்தது.

வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, ஐம்பதை நெருங்கும் வயது. கையில் ஒரு ரோஜா மாலை. கண்கள் சிவந்திருந்தன. ஜெயமணியைப் பார்த்ததும் அவர் உதடு துடித்தது.

"அண்ணி... எப்பங்க நடந்துச்சு? ஒரு வார்த்தை சொல்லியனுப்பலியே அண்ணி."

"என்ன நடந்துச்சு? யாரு நீங்க?"

அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து ரத்தினவேல் எட்டிப் பார்த்தார். ஒரு கை பொத்தானிட்டிருந்தது, இன்னொரு கை தொங்கிக்கொண்டிருந்தது. வந்தவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். மாலை மடியில் விழுந்தது.

"அண்ணா, நீங்க இருக்கறீங்களா?"

"இருக்கேன்பா" என்றார் ரத்தினவேல். "நீ எப்படி இருக்க, கிருஷ்ணப்பா?"

அந்தப் பெயரைக் கேட்டதும் ஜெயமணியின் முகம் இறுகியது. கிருஷ்ணப்பன் அதைக் கவனிக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார், அழுதார், மறுபடி சிரித்தார்.

"பாகலூர் ரோட்டுல பிளெக்ஸ் கடை வாசல்ல காயப்போட்டிருக்கறாங்கண்ணா. வெள்ளையா பெரிய போஸ்டரு. நடுவுல உங்க போட்டோ. ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு எரியுது. மத்ததை எங்க படிச்சேன்? நேரா மாலை வாங்கிட்டு ஓடியாந்துட்டேன்."

"குத்துவிளக்கா?" ஸ்வாதி அலறினாள். "நான் போட்டோவே வைக்கலியே! எங்க முனிராஜண்ணன் வேலைதான் இது. அய்யோ மாமா!"

"நல்லவேளை" என்றார் ரத்தினவேல். "பிறந்த தேதியோட மறைந்த தேதியும் போடாம விட்டாரே."

ஸ்வாதிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஜெயமணிக்கு இரண்டும் வரவில்லை.

"ஓகோ. செத்தாத்தான் இந்த வீட்டு வாசல் தெரியுமா உனக்கு?" என்றாள். "பதினோரு வருஷம். ஒரு நாள் எட்டிப் பாத்தியா? உன் மறதிக்கு இவரு ரெண்டு விரலைக் குடுத்துட்டு, கரண்டி பிடிக்கவும் கையெழுத்துப் போடவும் மறுபடி படிச்சாரு. அது தெரியுமா உனக்கு?"

கிருஷ்ணப்பன் எழுந்து நின்றார். ரத்தினவேலின் பக்கம் திரும்பவே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்:

"தப்புதானுங்க அண்ணி."

அந்த இரண்டு சொல் ரத்தினவேலின் நெஞ்சில் எங்கே விழுந்தது என்பது அந்த வாசலில் நின்ற யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒருவர் தலையைக் குனிந்து நின்றார்.

*

என்ன கோபமிருந்தாலும் வீட்டுக்கு வந்தவரைத் தண்ணீர் கொடுக்காமல் அனுப்ப ஜெயமணிக்கு மனம் வராது. உள்ளே போய் மோர் கரைத்து, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, டம்ளரை ணங்கென்று வைத்தாள். வைத்த சத்தத்தில் கோபம் இருந்தது. மோரில் இல்லை.

"இவ்வளவு தூரம் எதுக்குங்க வந்தீங்க?" என்று ஸ்வாதி கேட்டாள். கடைக்கு ஓடவேண்டும் என்ற அவசரத்திலும், அந்த மனிதரை அப்படியே நிற்கவைத்துவிட்டுப் போக அவளால் முடியவில்லை.

"புள்ளையக் கூட்டியாந்தனுங்க. மாதேஸ்வரி. மெக்கானிக்கல் டிப்ளமா முடிச்சிருக்கறா. உங்க மாமா கம்பெனியிலதான் டிரெயினி பரீட்சை. கேட்டுல விட்டுட்டு, முடியற வரைக்கும் சுத்தலாம்னு நடந்தேன்."

"நல்லா எழுதுவாளா?"

"எழுதுவாளுங்க. மார்க்கெல்லாம் இருக்குது." மோரை ஒரு வாய் குடித்தார். "பாரத்துல ஒரு கேள்வி. சொந்தக்காரங்க யாராச்சும் இங்க வேலை செஞ்சாங்களா, ஏன் நின்னாங்கன்னு. எதுவும் எழுதாம விட்டுரட்டுமாப்பான்னு கேட்டா. வேணாம் சாமி, பொய்யில ஆரம்பிக்காதேன்னேன். எங்கப்பா வேலை செஞ்சாரு, விதியை மீறினதால எடுத்துட்டாங்கன்னு எழுதிட்டா."

"பின்னே? உண்மையைத்தானே எழுதணும்" என்றாள் ஜெயமணி.

"ஆமாங்க அண்ணி."

ரத்தினவேல் தொங்கிக்கொண்டிருந்த சட்டைக் கையை வெறுமனே மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

கிருஷ்ணப்பன் புறப்படும்போதுதான் மாலையின் நினைவு வந்தது. திண்டாடிப்போனார். உயிரோடு இருக்கிறவருக்குப் போட முடியாது. திரும்ப எடுத்துப்போகவும் கூச்சம்.

"குப்பையில போடுங்க. அபசகுனம்" என்றாள் ஜெயமணி.

"ஏன்? நான் சாகலைன்னு சாமிக்குப் போடேன்" என்றார் ரத்தினவேல்.

அவள் மாலையைப் பார்த்தாள். நல்ல மாலை. பஸ் ஸ்டாண்டுப் பூக்கடையில் பேரம் பேசாமல், கேட்ட விலையைக் கொடுத்து வாங்கியது என்று பார்த்தாலே தெரிந்தது. அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். முருகன் படத்தில் ரோஜா ஏறியது. எதற்கு வாங்கிய மாலை என்று ஆண்டவன் கேட்டுக்கொண்டா ஏற்கிறான்? கொண்டுவந்தவன் எப்படி ஓடிவந்தான் என்பதைப் பார்த்திருப்பான்.

தெருமுனை வரை ரத்தினவேல் கூடப் போனார்.

"கிருஷ்ணப்பா..."

"வேணாங்ணா" என்றார் அவர். இவர் என்ன சொல்ல வருகிறார் என்று தெரிந்தவர் போல. "அண்ணி கோவத்துல ஒண்ணுமில்ல. உங்க மேல இருக்கற பாசம் அது. புள்ளைக்கு வாய்ச்சா வாய்க்கட்டும். இல்லாட்டி ஏரியில தண்ணி இருக்குது, நெலம் இருக்குது. நீங்க நல்லாருக்கறீங்க பாருங்க, எனக்கு அது போதும்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டார்.

*

பதினோரு வருஷத்துக்கு முந்தைய அந்தக் காலையை ரத்தினவேல் மறந்த நாள் கிடையாது.

பிரஸ் மிசினில் இரண்டு கைக்கும் தனித்தனியாக ஒரு சுவிட்ச். இரண்டையும் ஒன்றாக அழுத்தினால்தான் மேலே இருக்கும் டை என்ற இரும்பு அச்சு கீழே இறங்கும். இரண்டு கையும் சுவிட்சில் இருந்தால் கை உள்ளே போகாது. அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் ஒரு சுவிட்சில் குச்சியைச் செருகிவிட்டால் ஒரு கையால் ஓட்டலாம், மறு கையால் தகட்டைத் தள்ளலாம். ஷிப்ட்டுக்கு நூறு பீஸ் கூட வரும். ரத்தினவேல் ஒரு ஐஸ் குச்சியைச் செருகினார். மிசினை செட் செய்துகொடுக்கும் கிருஷ்ணப்பன், "எடுத்துருங்ணா, வேணாம்" என்று இரண்டு முறை சொன்னார். மூன்றாவது முறை சொல்ல அவர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் கட்டிலருகே உட்கார்ந்து கிருஷ்ணப்பன் சொன்னார்: "விசாரணையில நான்தான் சொருகினேன், எடுக்க மறந்துட்டேன்னு சொல்லிடறேன். நீங்கன்னு தெரிஞ்சா வேலையும் இருக்காது, நஷ்டஈடும் வராது. பையன் படிக்கறான். எனக்குப் பாரூர்ல ரெண்டு ஏக்கரு இருக்குது, ஏரித் தண்ணி பாயுது. உங்களுக்கு இங்க என்னாண்ணா இருக்குது?"

வலியிலும் பயத்திலும் இருந்த ரத்தினவேல், வேண்டாம் என்று சொல்லவில்லை. அவ்வளவுதான். அவர் செய்த பாவம் ஒரு சொல்லைச் சொல்லாததுதான். கம்பெனி இவரை டூல் ரூமில் உட்காரவைத்தது. கிருஷ்ணப்பனை அனுப்பிவிட்டது. மனைவியிடம் நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தார். நாளை என்பது பதினோரு வருஷமாகிவிட்டது. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம்.

இப்போது ஒரு பெண் பிள்ளை, அவர் கம்பெனிக் கட்டடத்துக்குள்ளேயே உட்கார்ந்து, தன் அப்பாவைப் பற்றி ஒரு பொய்யை உண்மை என்று நம்பி எழுதிக்கொடுத்துவிட்டு, பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறாள்.

அன்று அவர் மலையேறவில்லை. கால் தானாகப் பாகலூர் ரோட்டுக்குத் திரும்பியது.

*

கடை வாசலில் இரண்டு பேர் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். கும்பிட்டுவிட்டுத் திரும்பியவர், பின்னால் நின்ற ரத்தினவேலைக் கண்டதும் செருப்பை மாட்டிக்கொள்ளாமலே நான்கடி நடந்துவிட்டார்.

போன மாதம் அடையாள அட்டைக்கு எடுத்த போட்டோ அது. முனிராஜின் கம்ப்யூட்டரில் இருந்திருக்கிறது. விறைத்த முகம். இரண்டு பக்கமும் தங்க நிறக் குத்துவிளக்கு. உள்ளே ஸ்வாதியின் குரல் கேட்டது.

"யாரைக் கேட்டுண்ணா வச்சீங்க?"

"ஏன்மா, நானு நல்லதுக்குத்தானே செஞ்சேன்!" முனிராஜ் ஓசூரிலேயே பிறந்தவர், வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், சண்டையில் இரண்டும். "நாலுக்கு மூணு, பன்னெண்டு சதுர அடி. அதுல பதினோரு அடி வெள்ளை! கஸ்டமரு கேக்க மாட்டானா, வெள்ளைக்கு எதுக்குய்யா காசுன்னு?"

"வெள்ளைக்குத்தாண்ணா காசு."

"அய்யோ தேவுடா! இருபது வருசமா போர்டு போடறேன். ஒருத்தன் வந்து இடம் காலியா விடுன்னு சொன்னதில்ல. மச்சான் போட்டோ வை, மாமன் போட்டோ வை, நாய்க்குட்டி போட்டோ வைன்னுதான் சொல்லுவான். அந்தப் பத்துப் பேரு உன் மாமனாரு விரலுன்னு தெரியும். அந்த மனுசனுக்கு ஒரு மரியாதை செய்யலாம்னு பாத்தேன். விளக்கு மங்களந்தானேம்மா?"

"நடுவுல போட்டோ வச்சா மங்களமாண்ணா? காலையில ஒருத்தர் மாலையோட வீட்டுக்கே வந்துட்டாரு!"

முனிராஜ் வாயைப் பொத்திக்கொண்டார். அப்போதுதான் வாசலில் நின்ற ரத்தினவேலைப் பார்த்தார். "மன்னிச்சுருங்க அண்ணாச்சி" என்று கையெடுத்துக் கும்பிட்டார். "திரும்பப் பிரிண்டு என் செலவு. டீ சொல்றேன். மெதுவடையும் சொல்றேன்."

"வடை சொல்லுங்க" என்றார் ரத்தினவேல். "செத்தவனுக்குப் பசிக்குது."

முனிராஜ் டீக்கடைப் பக்கம் ஓடினார். ஸ்வாதி கம்ப்யூட்டரில் பழைய டிசைனைத் திறந்தாள். திரை முழுக்க வெள்ளை. மூலையில் பொத்தான், கீழே மூன்று வரி.

"மாமா, உங்களைக் கேக்காம எழுதினது தப்பு" என்றாள். குரல் தழைந்திருந்தது. "வேணாம்னா இதை எடுத்துடறேன். பன்னெண்டு கேட்டாங்க. மூணு மணிக்குள்ள போகணும். வேற யோசிக்க நேரமில்ல. ஆர்டர் போனாப் போகட்டும். நீங்க சாப்பிடாம எந்திரிச்சது எனக்கு இன்னும் உறுத்துது."

ரத்தினவேலுக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இந்த வேலைக்காக இரண்டு மாதம் உழைத்திருக்கிறாள். அடுத்த வருஷமும் அவளுக்கே தருவதாகக் கம்பெனியில் சொல்லியிருக்கிறார்கள். அதையெல்லாம் ஒரு கிழவனின் அரைச் சாப்பாட்டுக்காக விட்டுவிட நிற்கிறாள்.

"ஏம்மா இவ்வளவு வெள்ளை?" என்று கேட்டார்.

"நான் எல்லாத்தையும் எழுதிட்டா எனக்குத் தெரிஞ்சது மட்டுந்தான் மாமா இருக்கும். இடம் விட்டா, பாக்கறவங்க அவங்களுக்குத் தெரிஞ்சதை அங்க வச்சுப் பாப்பாங்க."

அவர் பார்த்தார். பதினோரு அடி வெள்ளையில் ஒரு ஐஸ் குச்சி தெரிந்தது. ஏரிக்கரையில் ஒரு மனிதன் மண்வெட்டியோடு நடந்துபோவது தெரிந்தது. அந்த வெள்ளை அவரைக் குற்றம் சொல்லவில்லை. பொறுமையாகக் காத்திருந்தது. அதுதான் தாங்கமுடியவில்லை.

"ஸ்வாதி, அந்த மனுஷன்..." என்று தொடங்கினார். இவளிடம் சொல்லிவிட்டால் மனம் லேசாகிவிடும். ஆனால் யாருக்குச் சேரவேண்டியதோ அங்கே போய்ச் சேராது.

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்லம்மா. இது மாட்டட்டும். போட்டோ மட்டும் வேணாம்."

ஸ்வாதி நிமிர்ந்து பார்த்தாள். மாமனாரின் கண் கலங்கியிருந்தது. ஏன் என்று அவள் கேட்கவில்லை. சில பேர் கேட்காமலிருப்பதே பெரிய உதவி.

*

மூன்று மணிக்குப் பன்னிரண்டு போஸ்டரும் கம்பெனிக்குள் வந்து சேர்ந்தன. பாதுகாப்பு அதிகாரி வெள்ளைச்சாமி ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். ஏழாவதில் கொஞ்ச நேரம் நின்றார். ரத்தினவேலின் கையைப் பார்த்தார். பிறகு சட்டென்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, மாதத்துக்கு ஒண்ணுதான் திட்டம். தொடக்க விழாவுக்கு எல்லாத்தையும் மாட்டச் சொல்லிட்டாங்க. நாலு பேரை விட்டு மாட்டிடறேன். இந்த ஒண்ணை மட்டும் நீங்க மாட்டறீங்களா? இடத்தை நீங்களே பாத்துக்குங்க."

"மாட்டறேன் சார்."

"இந்தப் பெட்டியையும் கீழ வச்சுடுங்க. புதுசு. இதுவும் அந்த ஜப்பான்காரர் யோசனைதான். பழசோ புதுசோ, நடந்ததை நடந்தபடி யாரு வேணாலும் எழுதிப் போடலாம். பேரு போடணும்னு இல்ல. போடச் சொன்னா எவன் எழுதுவான்? திங்கக்கிழமை விழாவுல தொறந்து படிக்கறோம்."

மஞ்சள் பெட்டி. பூட்டியிருந்தது. மேலே நீளமாக ஒரு வாய். பக்கத்தில் கயிற்றில் கட்டிய பேனாவும் ஒரு கட்டுத் தாளும்.

ஐந்தேகாலுக்கு டீ இடைவேளைச் சங்கு ஊதியது. பிரஸ்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஆட்கள் சிரித்துப் பேசிக்கொண்டு கேன்டீன் பக்கம் போனார்கள். அவ்வளவு பெரிய ஷெட்டில் ரத்தினவேல் ஒருவர்தான். தகரக் கூரையில் எங்கோ ஒரு புறா குனுகிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நம்பர் பிரஸ்ஸுக்கு எதிர்த் தூணில் போஸ்டரை மாட்டினார். கோணலில்லாமல் இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தார். பெட்டியைத் தூணடியில் வைத்தார். கட்டிலிருந்து ஒரு தாளை உருவினார்.

கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் பேனாவை இடுக்கிப் பிடித்தார். ஜெயமணியின் முகம் வந்தது. ஸ்வாதியின் முகம் வந்தது. இரண்டு வருஷம் கழித்து வரவேண்டிய பணம் வராமல் போகலாம். வேலையே போகலாம். தெரு முழுக்கத் தெரியும்.

முருகா, என்றார் மெல்ல. உதவி கேட்டுச் சொல்லவில்லை. கூப்பிட்டார், அவ்வளவுதான்.

எழுதினார்:

"1996-இல் மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் சுவிட்சில் குச்சி செருகியது நான். செட்டர் கிருஷ்ணப்பன் இல்லை. வேண்டாம் என்று அவர் இரண்டு தடவை சொன்னார். நான் கேட்கவில்லை. விசாரணையில் அவர் சொன்னது என் குடும்பத்துக்காக. ஃபைலில் அவர் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போடவும்."

தாளின் அடியில் 'பெயர் கட்டாயமில்லை' என்று அச்சிட்டிருந்தது. ரத்தினவேல் தன் பெயரை முழுதாக எழுதினார். டோக்கன் நம்பரை எழுதினார். மை காயும் வரை ஊதினார். நான்காக மடித்துப் பெட்டியின் வாயில் வைத்து, விரலை எடுத்தார்.

தாள் அடியில் போய் விழுந்தது.

சங்கு ஊதியது. முதலில் உள்ளே வந்த ஆபரேட்டர் ஒருவன் தூணருகே நின்ற அவரைப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, நீங்க டீ குடிக்கலியா?" என்றான்.

"இனிமேத்தான் போகணும்" என்றார் ரத்தினவேல்.